பக்கத்திலேயே தேடலாம்
"அதிகம் அறியப்படாத இடம் வேண்டுமென்றால் சாலை முடியும் இடத்தையும் தாண்டிப் போக வேண்டும்" என்று இந்தப் பயணக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டம் அலைமோதும் இடத்துக்கு மிக அருகிலேயே பலர் எட்டிப் பார்க்காத அழகு இருக்கும். இந்தோனேசியாவின் புகழ்பெற்ற பௌத்தக் கோயிலான போரோபுதூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழக்கே சுமார் 3 கி.மீ. போனால் மெந்துத் கோயில். அளவில் சின்னதுதான், ஆனால் உள்ளே ஏறக்குறைய 3 மீட்டர் உயரக் கல் புத்தர் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார், இருபுறமும் போதிசத்துவர்கள். வெளியே பெரிய ஆலமரம். நான் போனபோது கருவறையில் வேறு யாரும் இல்லை, வேண்டிய மட்டும் நின்று பார்க்க முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் பாவோன் என்ற இன்னொரு சிறு கோயில். மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருப்பதை அங்கே போன பிறகுதான் கவனித்தேன். அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர் "பெயரைச் சொன்னாலே அந்த இடம் கெட்டுவிடும்" என்கிறார். கவலை நியாயமானது. ஆஸ்திரியாவில் 800 பேர்கூட வசிக்காத ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட்டுக்கு உச்ச பருவத்தில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வருகிறார்கள். 2023-இல் ஊர்மக்களே எதிர்த்துப் போராட்டம் நடத்தினார்கள். ஆனால் அதே ஏரிக்கரையில் இருக்கும் ஓபர்டிரவுன் எவ்வளவோ அமைதியானது. பெயரை மறைப்பதைவிட, இப்படிப் பக்கத்து ஊர்களையும் சேர்த்துச் சொல்வது கூட்டத்தைக் கொஞ்சமாவது பிரிக்கும் என்றே நினைக்கிறேன்.