மதுரைக்குப் போனால் மதுரையிலேயே நில்லுங்கள்

போன மாதம் நானும் இவரும் மதுரைக்குப் போய் வந்தோம். கலியாணம் கட்டிப் பதினாறு வருசத்தில், பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனது இதுதான் முதல் தடவை. வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். "இராமேஸ்வரம் போகேல்லையா? கன்னியாகுமரி? ஐஞ்சு நாளும் மதுரையில என்ன செய்தனீங்கள்?" கோயிலில், சந்தையில், வேலையிடத்தில் என்று ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் திருகோணமலைப் பக்கத்திலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் பக்கேஜில்தான் போகிறார்கள். எங்களுக்கும் ஒருவர் அட்டவணை போட்டுத் தந்தார். ஐந்து நாளில் மதுரை, இராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, பழநி. அதில் மதுரைக்குக் கிடைத்தது ஒரு காலை மட்டும், விடியத் தரிசனம், பத்து மணிக்கு வான் வெளிக்கிடும். மதுரையிலிருந்து இராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீற்றர், கன்னியாகுமரி 240 வரும். கூட்டிப் பார்த்தால் வானுக்குள் இருப்பதற்குத்தான் காசு கட்டுகிறோம். என் அக்கா குடும்பம் முந்தி அப்படித்தான் போய் வந்தது. படங்களைக் காட்டும்போது எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று அக்காவுக்கே பிடிபடவில்லை. எனக்கு அது பெரிய கவலையாக இருந்தது, எத்தனை வருசம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு!

இத்தனைக்கும் மதுரை எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க போக ஆறேழு மணித்தியாலம், அங்கிருந்து மதுரைக்குப் பிளேனில் ஒரு மணித்தியாலம்தான்.

அட்டவணையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாசி வீதிப் பக்கம் ஒரு சின்ன லொட்ஜில் ஐந்து நாளும் தங்கினோம். மதுரையை நடந்துதான் பார்க்க வேண்டும். கோயிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. மாதங்களின் பெயரில் ஊரே கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக இருக்கிறது, வழி தவறினாலும் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும். ஊரைச் சுற்றி இருந்த கோட்டைச் சுவரை வெள்ளைக்காரர் காலத்தில் இடித்துத்தான் வெளி வீதியை அமைத்தார்கள், அந்த வேலையில் நின்றவர்களின் பெயர்தான் பக்கத்தில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்னமும் இருக்கிறது. கோட்டையோடு வாழ்கிற ஊர்க்காரியான எனக்கு இதைக் கேட்க ஒரு மாதிரித்தான் இருந்தது.

திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்தோம், 1636இல் கட்டியது. அந்தத் தூண்களுக்குக் கீழே நின்றால் கழுத்து வலிக்கும், அதுவும் முழு அரண்மனையில் காற்பங்குதான் மிஞ்சியிருக்கிறதாம். வெயிலுக்கு ஜிகர்தண்டா. சரி, அதெல்லாம் போகிற எல்லாரும் செய்வதுதான்.

நான் சொல்ல வந்தது கோயிலைப் பற்றி. 2018இல் கோயிலுக்குள் தீப்பிடித்த பிறகு போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை, வெளியே கொடுத்து ரோக்கன் வாங்க வேண்டும். முதல் நாள் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து அதைப் போல நல்லது வேறில்லை என்று பட்டது. படம் எடுக்க வழியில்லாததால் பொற்றாமரைக் குளத்துப் படியில் சும்மா இருந்தோம், தெற்குக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு. 170 அடி உயரம், இருப்பதில் அதுதான் பெரியது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கதைப்பது பிள்ளைகளின் ரியூசன், கரண்ட் பில், அவ்வளவுதான். அந்தப் படியில் இருந்து என்னென்னவோ கதைத்தோம்.

இரவு பள்ளியறைப் பூசை. சொக்கநாதரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, வாத்தியத்தோடு மீனாட்சியின் சந்நிதிக்குக் கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு நாளும், பகல் முழுக்க வேறு வேறு சந்நிதியில் இருந்த இரண்டு பேரும் இரவில் ஒரு இடத்தில் சேர்கிறார்கள். ஐந்து இரவில் நாலு இரவு நாங்கள் அதைப் பார்த்தோம். மூன்றாம் இரவு இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஊரில் கோயிலுக்குள் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. விடியற்காலைத் தரிசனம் முடித்து வானில் ஏறுகிறவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

அப்புறம் அறுபத்து மூவர் வரிசையில் சின்னப் பிள்ளையாக நிற்கும் சம்பந்தரைக் கண்டதும் எனக்குச் சட்டென்று நினைவு வந்தது, மதுரைக்கு வந்து பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்தவர்தானே எங்கள் கோணமாமலைக்கும், அதுதான் திருகோணமலைக் கோணேஸ்வரத்துக்கும், பதிகம் பாடியவர். இவரிடம் சொன்னேன். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எங்கட கோட்டை வாசல் கல்லில ரெண்டு மீன் இருக்கு, கவனிச்சனீரா? அது இவையளின்ர மீன்" என்றார்.

நான் கவனிக்கவில்லை. நாற்பது வருசமாக அந்த வாசலால் போய்வருகிறேன்! 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் படை எடுத்து வந்து கோணமலையில் தங்கள் சின்னமான இணைக் கயலைப் பொறித்த கதை படித்திருக்கிறேன். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் எடுத்துக் கோட்டை கட்டியதும் தெரியும். ஆனால் அந்த வாசலில் நின்று ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறவர்களும் இப்படித்தானே. காலையில் பஸ் வந்து நிற்கும், கோணேஸ்வரத்தில் ஒரு தேங்காய், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் ஒரு குளிப்பு, நிலாவெளியில் கடல், பின்னேரம் பஸ் போய்விடும். திருகோணமலை பார்த்தாயிற்று என்பார்கள், எங்களுக்குக் கோபம் வரும். அதையே நாங்கள் கடல் கடந்து போய் மதுரைக்குச் செய்கிறோம்.

இராமேஸ்வரம் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், அடுத்த முறை அதற்கென்று போங்கள், அங்கேயும் ஆறுதலாக இருங்கள். எல்லாருக்கும் இரண்டாம் தடவை போகக் காசு வராது என்று தங்கச்சி சொன்னாள், உண்மைதான், எங்களுக்கும் எப்போது வரும் என்று தெரியாது. அதற்காகத்தான் சொல்கிறேன், ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் ஒரு ஊரையாவது முழுசாகப் பாருங்கள். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஐந்து தலத்தையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும், அவர்களோடு நான் வாதாட வரமாட்டேன். ஆனால் புருசனும் பெண்சாதியுமாகப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த அட்டவணையை வாங்காதீர்கள்.

வந்த அடுத்த வெள்ளிக்கிழமை கோணேஸ்வரத்துக்குப் போகும்போது கோட்டை வாசலில் இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கிப் பார்த்தேன். கல் நல்லாகத் தேய்ந்துபோய் இருக்கிறது, ஆனால் இரண்டு மீனும் தெரிகிறது. சின்னவளையும் கூட்டிப் போயிருந்தோம், அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எந்த மீன்?" என்று கேட்டாள்.