கையில் கட்டிய கயிறும் தலையில் வெட்டிய முடியும் ஒன்றா?

கொரோனாவுக்கு முந்தைய வருடம். அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனின் முடியைப் பிரேயரில் எல்லார் முன்னாலும் வெட்டினார்கள். இரண்டு பக்கமும் மெஷின் போட்டு ஏற்றி, உச்சியில் மட்டும் முடி விட்டு, காதுக்கு மேலே ஒரு கோடு. பாக்ஸ் கட்டிங் என்பார்கள் எங்கள் பிள்ளைகள். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள் எல்லாம் முடிந்ததும் "ஏலே, முன்னால வா" என்று ஒரு குரல். ஸ்டாஃப் ரூமிலிருந்து சார்ட் வெட்டுகிற கத்தரிக்கோல் வந்தது. உச்சி முடியைப் பிடித்துக் குறுக்கே ஒரு வெட்டு. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவன் கையைப் பின்னால் கட்டியபடி நின்றான். காலருக்குள் விழுந்த முடியைக்கூடத் தட்டிவிடவில்லை. நானும் அங்கேதான் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. பதினோரு நாள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை வீடு தேடிப் போனேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். அவர் சொல்லித்தான் தெரியும், அந்த முடியை வெட்டியது அவனுடைய மாமா மகன். டவுனில் ஒரு சலூனில் வேலை பழகுகிற பையன், ஞாயிற்றுக்கிழமையானால் இவன் தலையில்தான் கை பழகுவானாம். "முடி வெட்டுற காசு மிச்சம்னு நான்தான் டீச்சர் விட்டுட்டேன்" என்றார். சினிமா மோகம், ரவுடித்தனம் என்று பிரேயர் மைதானத்தில் பேசிய பேச்சுக்கும் அந்த வீட்டில் நான் கேட்டதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவன் திரும்பி வந்தான். பத்தாவது முடித்தான். ஆனால் எந்த டீச்சரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசியதை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

இந்த வாரம் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே பேச்சு. பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லை, முடி சரியில்லை, பேண்ட் சரியில்லை, கையில் கயிறு, பையில் செல்போன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார்கள். எனக்கு அங்கேதான் மனசு ஒப்பவில்லை. இருபத்திரண்டு வருடமாக வகுப்பறையில் நிற்கிறேன். கண்டிப்பான டீச்சர் என்றுதான் எனக்குப் பெயர். விதி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஆனால் ஒரு விதியைச் சொல்லும்போது "ஏன் டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், கண்ணைப் பார்த்து ஒரே வரியில் பதில் சொல்ல நம்மால் முடிய வேண்டும். கயிற்றுக்கு என்னால் சொல்ல முடியும். செல்போனுக்கும் முடியும். பாக்ஸ் கட்டிங்குக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கயிற்றைப் பற்றி முதலில் சொல்கிறேன். தென்மாவட்டம் பழகாதவர்களுக்கு இது புரியாது. இங்கே கையில் கட்டுகிற கயிற்றின் நிறம் ஒரு அடையாள அட்டை. எந்த நிறக் கூட்டு எந்தச் சாதி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். சைக்கிள் பெயிண்ட், பனியன், நெற்றிப் பொட்டு என்று அது பல உருவத்தில் வரும். இன்டர்வெல்லில் யார் யாரோடு நிற்கிறார்கள், கபடியில் யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று கவனித்தால் போதும், நிறம் நிறமாகப் பிரிந்து நிற்பது தெரியும். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் "இது சாமிக் கயிறாய்யா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்கு முன்னால் வராண்டாவில் நின்ற தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வையே பதிலாகிவிட்டது.

2019-லேயே இந்தக் கயிறுகளைப் பற்றிப் பள்ளிக்கல்வி இயக்குநரகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே அடங்கிப்போனது. நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு பையனை, அவனோடு படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சைக்கிள் வண்ணம் எதுவும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. மத நம்பிக்கையில் கைவைப்பதா என்று சண்டை வந்தது. அவர்களுடைய கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். திருச்செந்தூரில் கட்டிய கயிறு என் கையிலும் இருந்தது.

அதைத்தான் முதலில் கழற்றினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால், மேஜையில் வைத்துக் கத்தரித்தேன். "சாமி வீட்டுப் பூஜை அறையில் இருக்கட்டும், இங்க எல்லார் மணிக்கட்டும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றேன். சாமிக் கயிறு எது, சாதிக் கயிறு எது என்று வாசலில் நின்று பிரித்துப் பார்க்க எந்த ஆசிரியராலும் முடியாது. அதனால் யார் கையிலும் எந்தக் கயிறும் வேண்டாம், டீச்சருக்கும் சேர்த்து. அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பில் பாதிப் பேர் தாங்களாகவே கழற்றிவிட்டார்கள். மீதிப் பேருக்கு இரண்டு வாரமும் மூன்று வீட்டுச் சண்டையும் ஆனது. ஒரு அப்பா ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சத்தம் போட்டார். சத்தம் போடட்டும். இந்த ஒரு விதியில் நான் இறங்கி வரமாட்டேன்.

சீருடை வந்த கதையும் இதுதான். காமராஜர் காலத்தில் பள்ளிக்குச் சீருடை வந்தது, பணக்கார வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் பக்கத்தில் உட்காரும்போது துணியில் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்காக. இன்றைக்கு அதே சீருடையை வைத்து நாம் என்ன செய்கிறோம்? சத்துணவுத் திட்டத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 4 செட் இலவசம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கைக்காசு போட்டு வாங்க வேண்டும். பையன்கள் மளமளவென்று வளர்கிற வயசும் அதுதான். ஜூனில் தைத்த பேண்ட் ஜனவரியில் கணுக்காலுக்கு மேலே நிற்கும், தொடையில் பிடிக்கும். அந்தப் பையனை நிறுத்தி "என்னடா டைட் பேண்ட்?" என்று கேட்கிறோம். ஸ்டைலுக்குப் பிடித்துத் தைக்கிறவர்களும் இருக்கிறார்கள், சரி. ஆனால் கேட்பதற்கு முன்னால் பேண்டின் அடிமடிப்பைப் பாருங்கள். மடிப்பு பிரித்துவிட்ட பழைய தையல் கோடு தெரிந்தால் அந்த வீட்டில் துணி எடுக்கக் காசு இல்லை என்று அர்த்தம். ஒரு டீச்சருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம். இரட்டைச் சடை மடித்துக் கட்டவில்லை, ரிப்பன் நிறம் வேறு, ஓவர்கோட் பட்டன் போடவில்லை என்று பையன்கள் நிற்கிற வரிசைக்கு நடுவே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறோம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். எனக்கு அந்த வலி தெரியும். அரசு ஊழியர்கள் சுடிதார் போடலாம் என்று 2019-ல் அரசாணையே வந்த பிறகும், ஒரு பள்ளியில் துப்பட்டாவோடு சுடிதார் போட்டுப் போன என்னை ஹெச்.எம். அறையில் இரண்டு ஆண் ஆசிரியர்கள் முன்னால் நிற்க வைத்து, நாளையிலிருந்து சேலை என்றார்கள். காரணம் கேட்டேன். "வழக்கம்" என்றார்கள். நாற்பது வயசில் எனக்கே அவ்வளவு கூசியது, பதினாலு வயசுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

செல்போனுக்கு வருகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கு செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. இந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. வகுப்பில் ஒரு தடவை கவனம் சிதறினால் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொல்கிறது. நம் பீரியடே 40, 45 நிமிடம்தான். பிரான்ஸ் 2018-லேயே சட்டம் போட்டுப் பள்ளிக்குள் செல்போனை நிறுத்தியது. அதைவிடப் பெரிய காரணம், ஒரு பிள்ளையைத் தெரியாமல் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பே நின்றுவிடும். ஆக, வகுப்பறைக்குள் செல்போன் கூடவே கூடாது.

ஆனால் அந்தக் கையில் செல்போனை வைத்தது யார்? 2020-ல் பள்ளியைப் பூட்டிவிட்டு ஆன்லைன் கிளாஸ் என்றோம். கம்மலை அடகு வைத்து டச் போன் வாங்கிய வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. இன்றைக்கும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் போகிறது. இதையெல்லாம் செய்துவிட்டு, பையில் செல்போன் இருந்தால் கொலைக்குற்றம் போலப் பிடிக்கிறோம்.

பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தி. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். இவள் ஆச்சி, தாத்தாவோடு கிராமத்தில். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பஸ் பிடித்து விலக்கில் இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர், வழியெல்லாம் வேலிக்கருவை. பஸ் ஏறியதும் தாத்தாவுக்கு ஒரு கால் போட்டால் அவர் சைக்கிளோடு விலக்கில் வந்து நிற்பார். அதற்காகத்தான் டிபன் பைக்கு அடியில் துணி சுற்றி ஒரு பழைய பட்டன் போன். கணக்குப் பீரியடில் அது அடித்துவிட்டது. வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. பெற்றோர் வந்தால்தான் தருவோம். அம்மா திருப்பூரிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. இரண்டு நாள் கூலி போனது. அந்த மூன்று வாரமும் அவள் ஸ்பெஷல் கிளாஸுக்கு நிற்கவே இல்லை. "போன் வேண்டாம்னா சரி டீச்சர். அவ பஸ் ஏறிட்டானு தாத்தாவுக்கு யாரு சொல்லுவா?" என்று அந்த அம்மா கேட்டார். எங்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இப்போதைய பள்ளியில் ஒரு ஏற்பாடு செய்தோம். தேவை இருக்கிற பிள்ளை வீட்டிலிருந்து லெட்டர் கொண்டுவர வேண்டும். காலையில் அணைத்து, ஹெச்.எம். அறையில் எண் போட்ட மரப்பெட்டியில் வைக்க வேண்டும். போகும்போது கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பதினேழு பேர் வைக்கிறார்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் பஸ்ஸில் வருகிற பெண் பிள்ளைகள். அதே பெட்டிக்குப் பக்கத்தில் ஆசிரியர்களுக்கும் ஒன்று வைக்கச் சொன்னேன், அது மட்டும் இன்னும் நடக்கவில்லை. வருகைப் பதிவிலிருந்து மதிப்பெண் வரை செயலியில் ஏற்ற வேண்டியிருக்கிறது, நிஜம்தான். ஆனால் முதல் பீரியடில் வருகை ஏற்றிய பிறகும் செல்போன் கையிலேயே இருப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படி எழுதினால் "நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்" என்று சிலர் வருவார்கள். அடி வாங்கிப் படிப்பை விட்டவர்கள் அதைச் சொல்ல இங்கே வரமாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடலை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரேயரில் முடி வெட்டுவது அதில்தான் வரும்.

ஆசிரியர்களின் பயமும் பொய் இல்லை. 2012-ல் சென்னையில் ஒரு ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவனால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் ஸ்டாஃப் ரூமில் யாரும் சாப்பிடவில்லை. அறுபது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறவர்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டும்தான். அதனால்தான் விதிகளைக் குறையுங்கள் என்கிறேன். இருபது விதி போட்டால் எதையும் காப்பாற்ற முடியாது. கயிறு, செல்போன், கைநீட்டுவது, கெட்ட வார்த்தை, நேரத்துக்கு வருவது. இந்த ஐந்தை முழுசாகப் பிடிப்போம். முடியை அவரவர் வீட்டுக்கு விட்டுவிடலாம், வாரியிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர் வருவார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பையன்களையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் உட்கார வைத்து விதிகளைப் பேச ஹெச்.எம். சம்மதித்திருக்கிறார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் இலவசச் சீருடை வேண்டும் என்று ஒரு தீர்மானமும் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற பள்ளிகளில் இருக்கிற ஆசிரியர்களும் பெற்றோரும் உங்கள் கூட்டத்திலும் இதே தீர்மானத்தைப் போடுங்கள். நான் எழுதியதை வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.