பேசாமல் வந்தால் கோபம் என்று யார் சொன்னது?

“என்னாச்சுக்கா, உம்முனு வர்றீங்க?”

மதுரையில் வேன் ஏறி வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் இதை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்திருந்தது, காற்று முகத்தில் அடித்தது, அந்த வாரத்திலேயே அப்போதுதான் மனசு லேசாக இருந்தது. அதை முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளவா முடியும்?

அலுவலகத்திலிருந்து பதினான்கு பேர், இரண்டு நாள் கொடைக்கானல். காட்ரோட்டில் மலை ஏற ஆரம்பித்ததும் அந்தாக்ஷரி தொடங்கியது. பாடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டம் டம் பாறை வந்தபோது எதிரே எலிவால் அருவி தெரிந்தது. 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. தூரத்திலிருந்து பார்த்தால் பாறைமேல் வெள்ளை நூல் ஒன்றைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். சின்ன வயதில் அப்பாவோடு பஸ்ஸில் போகும்போது பார்த்தது. நான் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோளில் ஒரு தட்டு: “அக்கா, ‘ம’ல பாட்டு! தூங்குறீங்களா?” திரும்பினேன். வளைவு கடந்துவிட்டது. அருவி போய்விட்டது.

இதெல்லாம் சின்ன விஷயம்தானே என்பார்கள். ஒரு தடவை நடந்தால் சின்ன விஷயம். இரண்டு நாளும் இதேதான் என்றால்?

என்னை எரிய வைத்தது அடுத்து நடந்தது. அறையில் நான் குளித்துவிட்டு வரும்போது காதில் விழுந்தது. “அவங்க எப்பவும் இப்படித்தான், ஒட்டவே மாட்டாங்க. கொஞ்சம் திமிரு.” யார் ஒட்டாதவள்? 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்பது இந்தப் பதினான்கு பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? வேன் நம்பர், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம் என்று உட்கார்ந்து பதிவு செய்தவள் நான். யாருக்கு முட்டை ஆகாது, யாருக்கு வளைவில் வாந்தி வரும் என்று கேட்டு மாத்திரை வாங்கி வைத்தவள் நான். அன்பை வாயால் காட்டினால்தான் கணக்கில் சேர்ப்பீர்களா?

ராத்திரி கேம்ப்ஃபயர். வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். “இன்னிக்கு அக்கா வாயத் தொறக்கப் போறாங்க!” அந்தக் கைதட்டலில் கேலி இல்லை, பாசம்தான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் கை குளிர்ந்துவிட்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். பொய். பள்ளிக்கூடச் சுற்றுலாவிலிருந்து இந்தத் தலைவலிப் பொய்யைச் சொல்லி வருகிறேன். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் சொல்லியிருக்கிறேன். கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. கூட்டம் என்னைக் களைப்பாக்கியது பாதிதான். நன்றாக இருப்பவள் உடம்பு சரியில்லாத மாதிரி நடிப்பது மீதிப் பாதி.

மறுநாள் ஆறு மணிக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏரிக்குப் போனேன். வாசலிலேயே “தனியாவா? இருங்க, நாங்களும் வர்றோம்” என்றார்கள். பெண் தனியாக நடந்தால் பாதுகாப்பில்லை என்ற கவலை நியாயம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏரியைச் சுற்றி ஏற்கெனவே பத்துப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். 1863இல் வெட்டிய ஏரி, சுற்றி வர ஐந்து கிலோமீட்டர் போல இருக்கும். குதிரைக்காரர்கள் இன்னும் வரவில்லை. தண்ணீரே தெரியாத அளவுக்குப் பனி. பாதி தூரம் போவதற்குள் முந்தின நாள் முழுக்கத் தோளில் இருந்த இறுக்கம் விட்டுப்போனது. ஒரு மணி நேரம். எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். திரும்பி வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், சிரித்துப் பேசினேன். “இப்பதான் மூடு சரியாச்சு போல” என்றார்கள். கெட்டுப்போயிருந்தால்தானே சரியாக!

தூண் பாறையில் இன்னொன்று புரிந்தது. பனி மூடி ஒரு பாறைகூடத் தெரியவில்லை, எல்லோரும் செல்ஃபி எடுத்துக் காத்திருந்தார்கள். நான் சோளம் சுடும் அம்மாவிடம் போய் நின்றேன். பூம்பாறைக்காரர். மலைப்பூண்டு போட்டிருக்கிறார்களாம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டு. விதைப்பூண்டு விலை, காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்குவது, மகள் திண்டுக்கல்லில் படிப்பது என்று அரை மணி நேரம் பேசினோம். எனக்குக் களைப்பே இல்லை. எனக்குப் பேசப் பிடிக்கும் என்று முப்பத்தாறு வயதில், கையில் சோளத்தோடு தெரிந்துகொண்டேன். ஒருவரோடு ஒருவராகப் பேசப் பிடிக்கும். பதினான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எந்த இடைவெளியில் நுழைவது என்று தெரியாமல்தான் நின்றுவிடுகிறேன். 1921இலேயே உளவியலாளர் யுங் மனிதர்களை, மனம் உள்ளே திரும்பிய அகமுகம், வெளியே திரும்பிய புறமுகம் என்று பிரித்து எழுதிவிட்டார். நூறு வருஷம் கழித்தும் நம் ஊரில் அதற்குப் பெயர் உம்மணாமூஞ்சி.

சூரிய ஆய்வகம் போகலாம் என்று நான் கேட்டிருந்தேன். 1899இலிருந்து அங்கே இருக்கிறது. சூரியன்மேல் கருப்பாகத் தெரியும் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909இல் கண்டுபிடித்தது அந்த மலையில் இருந்துதான். வேனுக்குள் ஓட்டெடுப்பு நடந்தது. போகலாம் என்று இரண்டு கை, சாக்லேட் கடைக்கு மற்ற எல்லாக் கையும். இன்னொரு கை, புதிதாகச் சேர்ந்த தம்பியுடையது. இரண்டு நாளும் அவன் கடைசி சீட்டில் இருந்தான், அவனையும் இதே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன். நானே கவனிக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இறங்கும்போது வெள்ளி அருவியில் வண்டி நின்றது. மறுபடியும், “என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?” இந்தத் தடவை தலைவலி என்று சொல்லவில்லை. “நல்லா இருக்கேன்ப்பா. கொஞ்ச நேரம் பேசாம வரணும், அவ்வளவுதான்.” அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. “அப்ப எங்களோட வந்தது பிடிக்கலையா?”

பிடித்ததால்தான் வந்தேன்! பிடிக்காவிட்டால் வீட்டில் இருந்திருக்க மாட்டேனா? உங்கள் சத்தத்தை நான் கோபம் என்று நினைப்பதில்லை. என் அமைதியை மட்டும் ஏன் உங்கள்மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறீர்கள்?

டிசம்பரில் ஊட்டி போகலாம் என்று இப்போது வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. நேற்று நானும் எழுதினேன். வருகிறேன், இ-பாஸ் நானே எடுக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் தனியாக நடப்பேன், ராத்திரி வட்டத்தில் உட்காருவேன், ஆனால் என் முறை என்று ஒன்று வேண்டாம். பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள். கடைசி சீட்டுத் தம்பி மட்டும் கட்டைவிரல் போட்டிருக்கிறான்.