அந்த விளையாட்டில் மாப் எண்ண ஆளில்லை

மே மாதம் நான்கு நாள் லீவு போட்டு ஏற்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். மதியம் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. அண்ணன் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடித் திறக்கிற சின்னப் பெட்டி ஒன்றில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். "அத்தை, இங்க வந்து பாருங்க, உங்க வேலைதான் இது" என்று கூப்பிட்டாள்.

பெட்டி நிண்டெண்டோ டிஎஸ், கையில் வைத்து வீடியோ கேம் ஆடுகிற கருவி. அவளுடைய தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போது பழையதாக வாங்கி வந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது, ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட 'ட்ராமா சென்டர்: அண்டர் தி நைஃப்'. டெரெக் ஸ்டைல்ஸ் என்ற இளம் டாக்டராக நாம் ஆபரேஷன் செய்ய வேண்டும். மேல் திரையில் கதையும் பேச்சும். கீழே, தொட்டால் வேலை செய்யும் திரையில் நோயாளியின் உடம்பு.

சேலத்தில் பதினெட்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக, அதாவது நர்ஸாக, இருக்கிறேன். முதல் பத்து நிமிடம் குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் அந்த விளையாட்டு என்னை வாயடைக்க வைத்தது: வரிசை. முதலில் ஜெல் தடவு, பிறகுதான் கத்தி. ரத்தம் தேங்கினால் உறிஞ்சி எடு, இடம் தெரிந்த பிறகு கை வை. கண்ணாடித் துண்டை ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்துத் தட்டில் போடு, அப்புறம் தையல். தையலுக்குக் குச்சியை வளைத்து வளைத்து இழுக்க வேண்டும். கை நடுங்கினால் கோடு கோணலாகிவிடும், நோயாளியின் உயிர்நிலை எண் குறையும். இறங்குகிற எண்ணைப் பார்த்ததும் பச்சை மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டாள் என் மருமகள். பதற்றமே இல்லை. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் இந்த நிதானத்தைக் கொண்டுவர எனக்கு ஆறு மாதம் ஆகிறது.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ள ரத்தத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். அண்ணியிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 2007இல் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் சர்ஜரி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 33 டாக்டர்களைப் பார்த்தார்கள். முன்பு வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடி வந்தவர்கள், ஆடாதவர்களைவிட, சின்னத் துளை வழியாக ஆபரேஷன் செய்கிற லேப்ராஸ்கோபி பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், வேகமும் 27 சதவீதம் அதிகம். சின்ன ஆய்வுதான். ஆடி ஆடிக் கை பழகியதா, கைப்பழக்கம் உள்ளவர்கள்தான் ஆட வந்தார்களா என்பதை இதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனாலும் பிள்ளை கெட்டுப்போகிறது என்று பிடுங்கி வைக்கிற சாமான் இல்லை அது.

சரி, என் ஆதங்கத்துக்கு வருகிறேன்.

அந்த விளையாட்டில் ஏஞ்சி என்று ஒரு நர்ஸ் இருக்கிறார். பேசுகிறார், எச்சரிக்கிறார், அடுத்து என்ன என்று சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் ஒரு கருவியைக்கூட எடுத்துக் கொடுப்பதில்லை. கருவிகள் எல்லாம் திரையின் இரண்டு ஓரத்திலும் படமாக இருக்கின்றன, டாக்டரே தொட்டு எடுத்துக்கொள்கிறார். மயக்க மருந்து டாக்டரை நான் பார்த்தவரை எங்கேயும் காணோம். நட்சத்திரம் வரைந்தால் டாக்டருக்கு மட்டும் நேரம் மெதுவாக ஓடும். பெரும்பாலும் 5 நிமிடக் கெடு, கத்தி வைத்ததும் தொடங்கி, கட்டுப் போட்டதும் முடிகிறது.

எங்களுக்கு நேரம் அப்படித் தொடங்குவதில்லை. ஏற்காட்டிலிருந்து அடிபட்ட ஒருவரை 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவர வேண்டும். ரத்தம் எடுத்து குரூப் பார்க்க வேண்டும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கூட வந்தவரைக் கேட்க வேண்டும், கருவிகளை அடுக்கி டிராலி விரிக்க வேண்டும். அதோடு, எண்ண வேண்டும்.

எண்ணுவது என்றால் என்ன என்று வெளியே பலருக்குத் தெரியாது. வயிற்றைத் திறக்கும் முன்பே, ரத்தம் ஒற்றி எடுக்கிற மாப் துணிகளை நானும் மேஜையை விட்டுத் தள்ளி நிற்கிற சிஸ்டரும் சத்தமாக எண்ணிப் போர்டில் எழுதுவோம். எங்களிடம் ஒரு கட்டுக்கு ஐந்து துணி. மூடும் முன்பு மறுபடி எண்ணுவோம், ஊசிகளையும் சேர்த்து. பல வருடம் முன்பு, அப்போது நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவு ஆபரேஷன் ஒன்றில் ஒரு மாப் குறைந்தது. பத்தொன்பதுதான் இருந்தது. சர்ஜன் களைத்திருந்தார். "சரியாத்தான் இருக்கும், மூடலாம் சிஸ்டர்" என்றார். "சார், ஒண்ணு வரல" என்றேன். மூன்று தடவை சொன்னேன், குரல் நடுங்கியது. வாளியைக் கவிழ்த்தோம், தரையைத் தேடினோம். கடைசியில் அவர் கையை உள்ளே விட்டார். ஈரலுக்குப் பின்னால், ரத்தத்தில் ஊறி, உடம்பின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் தெரியட்டும் என்று ஒவ்வொரு மாப்பிலும் ஒரு நீல இழை வைத்து நெய்திருப்பார்கள். அந்த இழை விளக்கில் பளிச்சென்று தெரிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து எண்ணிக்கை சரி என்று நான் சொல்லாமல் தையல் கேட்டதில்லை.

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் இருந்தவர். காலையில் வெள்ளியை எடை போட்டு வாங்குவார், ராத்திரி எடை போட்டுக் கொடுப்பார். எடை இடித்தால் பட்டறையைக் கூட்டி, தூசியைச் சலித்து, கணக்கு நேரான பிறகுதான் வீட்டுக்கு வருவார். சோறு ஆறிப்போயிருக்கும். எண்ணுகிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஆபரேஷனுக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. எட்டு நகரங்களில், டெல்லி உட்பட, அதைச் செய்து பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆக இறங்கியது. பெயரைச் சொல்லிக் கேள், எந்தப் பக்கம் என்று கேள், எண்ணு: இவ்வளவு சாதாரணமான வேலைகள்தான் அதில் இருக்கின்றன. அந்த விளையாட்டு இதற்கு மூன்று வருடம் முந்தையது, அதனால் அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் ஆபரேஷன் என்று யார் எதை எடுத்தாலும் கத்தி பிடித்த ஒரே ஒரு கையைத்தான் காட்டுகிறார்கள். என் மருமகள் நன்றாக ஆடுகிறாள். அந்த அறையில் ஐந்தாறு பேர் நிற்பார்கள் என்பதே அவளுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கேம் செய்கிற தம்பி தங்கைகள் இதைப் படித்தால், தியேட்டர் சிஸ்டராக ஆடுகிற ஒரு கேம் செய்யுங்கள். டாக்டர் கை நீட்டும்போது கேட்காமலே சரியான கருவியை வைப்பது, கிருமி நீக்கிய ஸ்டெரைல் துணியில் யாராவது உரசினால் பார்த்துச் சொல்வது, ஒன்று குறையும்போது மூட விடாமல் நிற்பது, எல்லாமே ஆட்டமாக வரும். டிராலியில் எது எங்கே இருக்கும் என்பதிலிருந்து நான் சொல்லித் தருகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.