ஹாரி நில்சன் டிவிக்குப் பாடிய அந்தச் சில நொடிகள்

அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் பெயரைச் சொன்னால், தெரிந்தவர்கள் உடனே இரண்டு பாடல்களைச் சொல்வார்கள்: 'எவ்ரிபடீஸ் டாக்கின்', 'வித்அவுட் யூ'. இரண்டுக்கும் கிராமி விருது கிடைத்தது. ஆனால் இரண்டையும் எழுதியது அவர் இல்லை. முதலாவது ஃப்ரெட் நீல் எழுதியது, அடுத்தது பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும் எழுதியது. 1968இல் பீட்டில்ஸ் ஜான் லெனனே தனக்குப் பிடித்த அமெரிக்கக் கலைஞர் என்று பெயர் சொன்ன ஒரு பாடலாசிரியரை, அடுத்தவர் எழுதிய பாட்டை வைத்து மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. அதைவிடப் பெரிய ஆதங்கம் ஒன்றும் உண்டு, இன்று அதைத்தான் எழுத வந்தேன்.

'தி கோர்ட்ஷிப் ஆஃப் எடீஸ் ஃபாதர்' என்று ஒரு அமெரிக்க சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொடர். 1969 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1972 வரை மூன்று சீசன் ஓடியது. மனைவியை இழந்த பத்திரிகை ஆசிரியர் டாம் கார்பெட், அவருடைய சின்னப் பையன் எடி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திருமதி லிவிங்ஸ்டன், அவ்வளவுதான் குடும்பம். அப்பாவுக்கு எப்படியாவது ஒரு துணையைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று பையன் அலைவான். அப்பாவாக பில் பிக்ஸ்பி, பின்னாளில் 'இன்க்ரெடிபிள் ஹல்க்' தொடரில் டாக்டர் பேனராக வந்தாரே, அவர்தான். எடியாக பிராண்டன் குரூஸ். திருமதி லிவிங்ஸ்டனாக மியோஷி உமெகி. நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் ஆசிய நடிகை அவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம்.

இந்தத் தொடரின் டைட்டில் பாடலை எழுதிப் பாடியவர் நில்சன். 'பெஸ்ட் ஃப்ரெண்ட்' என்று பெயர். அப்பாவும் மகனும் கடற்கரையில் நடந்து விளையாடிக்கொண்டிருக்க, அந்தக் குரல் துள்ளிக்கொண்டு வரும். முதலில் ஒரு காதலியைப் பற்றி எழுதிய பாட்டு அது, தொடருக்காக வரிகளை மாற்றி அப்பா-மகன் பாட்டாக ஆக்கினார். பழைய டிவி பாடல்களை விரும்புகிறவர்களுக்கு இது வரை தெரிந்திருக்கும்.

பலருக்குத் தெரியாதது, டைட்டிலோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை என்பது. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளிலும் அவர் குரல் வரும். சில நொடிதான். பல இடங்களில் சொல்லே இருக்காது, வெறும் ஹம்மிங். சில இடங்களில் திரையில் நடப்பதைப் பற்றி ஓரிரு வரி பாடிவிட்டுப் போய்விடுவார். படத்தின் பின்னணி இசைத் துணுக்குகளைத் தனியாக வெட்டியெடுத்து ராத்திரி முழுக்கக் கேட்கும் நம்மவர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

சிட்காமில் இடையிசை என்றால் வழக்கமாக ஒரு கிளாரினெட் குறும்பு பண்ணும், அல்லது வயலின்கள் கொஞ்சம் உருகும். இப்போது சிரி, இப்போது வருத்தப்படு என்று நமக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் வேலை. மனிதக் குரல் வந்தால் கதையே வேறு. அந்த வீட்டுக்குள் இன்னொருவர் உட்கார்ந்து இந்த அப்பாவையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றிவிடுகிறது. பையன் தூங்கப் போன பிறகு தனியாக நிற்கும் டாமுக்கு யாரோ கூட இருக்கிறார்கள் என்ற உணர்வை அந்த ஹம்மிங் தருகிறது. அதே வருடங்களில் நில்சன் ஸ்டூடியோவில் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு கோரஸையே உண்டாக்கிக்கொண்டிருந்தார். பாடலாசிரியர் ராண்டி நியூமனின் பாடல்களை வைத்து 1970இல் வந்த ஆல்பத்தைக் கேட்டால் அந்த வித்தை முழுதாகப் புரியும். டிவிக்குச் செய்தது அதே கைதான்.

இசையில் கூட நின்றவர் ஜார்ஜ் டிப்டன். நில்சன் யாரென்றே தெரியாத 1964இல், தன் சேமிப்பிலிருந்து 2,500 டாலரைப் போட்டு அவருடைய நான்கு பாடல்களைப் பதிவு செய்ய வைத்த மனிதர். ஆரம்ப ஆல்பங்களின் இசைக்கோர்ப்பும் அவருடையதே. இருவரும் பிரிந்த பிறகு டிப்டன் 'சோப்', 'பென்சன்' என்று டிவி இசையிலேயே பேர் வாங்கினார். ஆக, இந்தத் தொடரை ஏதோ பக்கத்து வேலை என்று ஒதுக்குவது இரண்டு பேருக்குமே அநியாயம்.

ஆனால் நான் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு முக்கியக் காரணம் வேறு. நில்சனுக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதிய முக்கியமான பாடல்களில் பல, அந்த வாசற்படியில் நின்றுகொண்டுதான் எழுதப்பட்டிருக்கின்றன. '1941' பாட்டில் ஒரு அப்பா பிள்ளையை விட்டுப் போகிறார், அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையை விட்டுப் போகிறான். 'டாடீஸ் சாங்' துள்ளலான மெட்டுதான், உள்ளே இருப்பது அதே காயம். மங்கீஸ் குழு 1968இல் தங்கள் படத்தில் அதைப் பாடியது. இந்தப் பாடல்கள் வந்த ஓரிரு வருடத்திலேயே, வீட்டை விட்டுப் போகாத ஒரு அப்பாவின் கதைக்குப் பாட அவர் வந்து நிற்கிறார். மகனோடு உட்கார்ந்து பேசும், தப்பு செய்தால் மகனிடமே மன்னிப்புக் கேட்கும் அப்பா. அந்தக் காட்சிகளின் ஓரத்தில் நில்சன் குரல் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தனக்குக் கிடைக்காத ஒன்றை இவ்வளவு சந்தோஷமாக, துளி கசப்பு இல்லாமல் ஒரு மனிதரால் பாட முடிந்திருக்கிறது.

நில்சனைப் பற்றிய பேச்சில் 'ஏரியல் பேலே', 'நில்சன் ஷ்மில்சன்' ஆல்பங்கள், அனிமேஷன் படமான 'தி பாயிண்ட்' எல்லாம் வரிசையாக வரும். இந்தத் தொடர் ஒரு வரியில் முடிந்துவிடும். அது தப்பு என்பது என் கருத்து. அவர் பெரிய கச்சேரி எதுவும் நடத்தாத பாடகர், சுற்றுப்பயணமே போகாதவர். அப்படிப்பட்டவரின் குரல் வாராவாரம் அமெரிக்க வீடுகளின் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தது இந்தத் தொடர் வழியாகத்தான். 1969 இலையுதிர் காலத்தில் வானொலியில் ஒலித்த 'எவ்ரிபடீஸ் டாக்கின்' அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் ஆறாம் இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதே வாரங்களில் டிவியிலும் அதே குரல் ஒலித்தது. இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாமலே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

'பெஸ்ட் ஃப்ரெண்ட்' அவருடைய அந்தக் கால ஆல்பம் எதிலும் இல்லை. பிற்காலத் தொகுப்புகளில்தான் இடம் கிடைத்தது. இடையிசைத் துணுக்குகளோ வசனத்துக்கும் கதவுச் சத்தத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கின்றன. வேண்டுமென்றால் தொடரைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். மூல ஒலிநாடாக்கள் எங்காவது பிழைத்திருந்தால், உரிமை வைத்திருப்பவர்கள் அவற்றைச் சுத்தம் செய்து வெளியிட வேண்டும். பத்து நொடித் துணுக்குகளாக இருந்தாலும் பரவாயில்லை, பத்து நொடிகளாகவே போடுங்கள்.

கேட்க ஆசைப்படுபவர்கள் முதல் சீசனிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்னால் '1941' பாட்டை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அப்புறம் எடியும் அவன் அப்பாவும் பேசி முடிக்கும் இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், கவனிக்காவிட்டால் தப்பிப் போகும் அளவுக்குச் சின்னவை அவை.