கேபிளுக்குக் கொடுக்கிற காசு காதுக்கு வருமா?

ஸ்பீக்கர் கேபிளை மாற்றினால் சத்தம் மாறுமா என்று மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்காதவர் குறைவு. செம்பனை ஆலையில் வயர்மேன் என்பதால் ஊரிலுள்ள எல்லாக் கம்பிக்கும் நானே பொறுப்பு என்று நினைக்கிறார்கள் போல. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, இங்கேயே எழுதிவிடுகிறேன். மோசமான கேபிள் காதுக்குத் தெரியும். நல்ல கேபிளுக்கும் அதைவிட இருபது மடங்கு விலையுள்ள கேபிளுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. விற்கிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

நம் டாமான் (குடியிருப்பு) வீட்டு ஹாலில் ஆம்ப்பிலிருந்து (ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கருக்கு ஐந்து மீட்டர் வயர் தாராளம். போக ஒன்று, வர ஒன்று, ஆகப் பத்து மீட்டர். ஹார்ட்வேர் கடையில் 70/0.0076 என்று கேட்டால் கடைக்காரத் தவுக்கே அளந்து வெட்டித் தருவாரே, 0.0076 அங்குலத் தடிப்பில் எழுபது இழை முறுக்கிய அந்த வயர் ஏறக்குறைய 2 சதுர மில்லிமீட்டர். உள்ளே இருப்பது உண்மையான செம்பு என்றால் பத்து மீட்டருக்கு அதன் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கும் அளவு, 0.08 ஓம் சொச்சம். ஸ்பீக்கர் 8 ஓம். அதாவது நூற்றில் ஒரு பங்கு. சத்தத்தில் இழப்பது 0.1 டெசிபல்கூட இல்லை. இதற்கு மேல் எவ்வளவு தடித்த கேபிள் போட்டாலும் மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றும் கிடையாது. வெள்ளிக் கம்பி என்பார்கள். செம்பைவிட வெள்ளி நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் நன்றாகக் கடத்தும். செம்பிலேயே கொஞ்சம் தடித்ததை வாங்கினால் அது சரியாகிவிடும்.

செட்டோடு சும்மா கொடுக்கிற சிவப்பு-கறுப்பு மெல்லிய வயர் வேறு கதை. அது 0.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால் பெரிய விஷயம். பத்து மீட்டருக்கு 0.35 ஓம் ஆகிவிடும். பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று ஒட்டியிருந்தாலும் அது சராசரிக் கணக்கு. ஒரு சுருதியில் 5 ஓமுக்கு இறங்கும், பாஸ் (தாழ்ந்த சத்தம்) பக்கம் ஓரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும். கம்பியில் ரெசிஸ்டன்ஸ் கூடினால் இறங்கிய இடத்தில் சத்தம் அதிகமாகக் குறையும், ஏறிய இடத்தில் அவ்வளவாகக் குறையாது. ஆகவே மொத்தமாகச் சத்தம் குறைவதோடு போகாமல் பாட்டின் நிறமே கொஞ்சம் மாறலாம். கேபிள் ரசிகர்கள் சொல்வது நியாயமாகிற இடம் இதுதான். கேபிளின் ரெசிஸ்டன்ஸ் ஸ்பீக்கர் ஓமில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற கேபிளைக் கத்தியால் ஒரு தடவை சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பில் அறுபது சதவீதம்தான் கடத்தும். அதையே ஒரு சைஸ் தடிப்பாகப் போட்டால் பாட்டுக்குப் போதும், ஆனால் செம்பு விலை கொடுத்து வாங்காதீர்கள். முனையில் நாலு தடவை மடக்கினால் ஒடியும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் தோலுள்ள கேபிள்கள் உள்ளே பச்சை பூத்துவிடுவதும் உண்டு. முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி இறுக்கிவிட்டால் முடிந்தது. அதற்குப் புதுக் கேபிள் எதற்கு?

காசே செலவில்லாமல் கேட்கக்கூடிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். பாஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. பல வீடுகளில் வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. செட்டைக் குறை சொல்வார்கள்.

கேபிள் நிஜமாகவே தலைவலி தரும் இடம் கோயில் திருவிழாதான். ஹார்ன் ஸ்பீக்கரை இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் கட்டுகிறார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் போக வர நானூறு மீட்டர், கிட்டத்தட்ட 5 ஓம். 8 ஓம் ஹார்னை நேராக மாட்டினால் ஆம்ப் கொடுக்கும் பவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கம்பியிலேயே சூடாகப் போய்விடும். அதனால்தான் 100 வோல்ட் லைன். வோல்ட்டை ஏற்றிக் கரண்டைக் குறைத்து அனுப்பி, ஹார்னில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை வைத்து இறக்கிக்கொள்கிறார்கள். தோட்டத்தைத் தாண்டிப் போகிற தெனாகா மின்சார நிறுவனத்தின் கோபுரங்களில் 275 கிலோவோல்ட் ஓடுவதும் இதே கணக்குக்காகத்தான். ஹாலில் ஐந்து மீட்டருக்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம்.

ஸ்பீக்கர் வயர் தனி வியாபாரமாகப் பெருத்தது அமெரிக்காவில் நோயல் லீ 1979இல் மான்ஸ்டர் கேபிளைத் தொடங்கிய பிறகுதான். சில வருஷத்திலேயே, 1983இல், ஸ்டீரியோ ரிவ்யூ என்ற பத்திரிகை ஆட்களை உட்கார வைத்து, எந்த வயர் ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கச் சொன்னது. பாட்டு போட்டபோது மான்ஸ்டரையும் சாதாரண 16 கேஜ் வயரையும் (ஏறக்குறைய 1.3 சதுர மில்லிமீட்டர்) அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007இல், ஏமாற்று வேலைகளை அம்பலப்படுத்திவந்த மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். ஜோடி 7,250 டாலர் விலையுள்ள கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதாலேயே பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் பரிசு. அந்தப் பணம் கடைசிவரை யார் கைக்கும் போகவில்லை. இன்னும் சிலர் கேபிளில் அம்புக்குறி போட்டு விற்கிறார்கள், கரண்ட் இந்தப் பக்கம்தான் போக வேண்டுமாம். ஸ்பீக்கரில் ஓடுவது ஏசி, நொடிக்குப் பல தடவை, ஆயிரக்கணக்கில்கூட, போய்ப் போய்த் திரும்பும். அம்பைப் பார்த்தா நடக்கும்?

பக்கத்து டாமானில் ஒரு தம்பி போனஸ் காசில் ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்துக் கேபிள் வாங்கினார். "அண்ணே, பாடுறவரு முன்னுக்கு வந்து நிக்கிறாருண்ணே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொன்னார். கேபிள் மாற்றும்போது ஸ்பீக்கரை நகர்த்தியிருப்பார், கறை பிடித்த முனையைத் துடைத்திருப்பார், வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பார், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியிருப்பார். கால் டெசிபல் கூடினால்கூடக் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும். 3 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு மூவாயிரம் தடவை அதிரும் ஒலி அலையின் நீளம் 11 சென்டிமீட்டர்தான். நாற்காலியில் தலையை ஒரு சாண் நகர்த்தினாலே கேட்பது மாறும். அப்புறம், ஆயிரம் வெள்ளி கொடுத்த மனசு சும்மா இருக்குமா?

அவருடைய ஹாலில் கை தட்டினால் திரும்பி வந்து அடிக்கும். சிமெண்ட் சுவர், தரையெல்லாம் டைல்ஸ், எதிரே கண்ணாடி ஜன்னல், ஸ்பீக்கர் இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு. ஒரு தடித்த திரை, ஒரு பாய், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு அடி இழுத்து வைப்பது, இவ்வளவுதான் என் யோசனை. திரைக்கு நூறு வெள்ளி தருவது அநியாயம் என்கிறார்.

ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபிளோடு வீட்டுக்கு வாருங்கள். என் 70/0.0076 தயாராக இருக்கிறது, சத்தத்தை மீட்டரில் சமப்படுத்திவிடலாம். மறைவில் நின்று மாற்றப்போவது என் மகள். நடுவில் சில தடவை மாற்றாமலேயே "மாத்திட்டேன்" என்பாள். அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து விசாரிக்கக் கூடாது.