பார்க்லியைத் திட்டுவதற்கு முன் அந்த ஐந்து பேரைப் பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல், 2025 சீசனின் பிளேஆஃபில் (கடைசி நாக் அவுட் சுற்று) பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் முதல் ஆட்டத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவிடம் தோற்று வெளியேறியதிலிருந்து எங்கள் ஃபேன்டசி குழுவில் ஒரே பேச்சுதான். அந்த அணிக்காகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் சேக்வான் பார்க்லி முடிந்துவிட்டார், அடுத்த சீசனில் 29 வயதோடு இறங்கப் போகிறவரை இனி யாரும் தொடக்கூடாது என்கிறார்கள். முதல் சுற்றின் தொடக்கத்திலேயே அவரை எடுத்துவிட்டு வாராவாரம் ஆறு, ஏழு புள்ளிகளைப் பார்த்து நொந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் தவறு. தவறான காரணத்தை நம்பினால் வரும் ஆகஸ்ட் டிராஃப்டிலும் தவறாகத்தான் எடுப்பார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஃபேன்டசி ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக. நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாக முறைவைத்துத் தேர்ந்தெடுத்து (அதுதான் டிராஃப்ட்) கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு இது. நிஜ ஆட்டத்தில் வீரர் 10 யார்டு ஓடினால் அவரை வைத்திருப்பவருக்கு 1 புள்ளி, எதிரணியின் கோல் கோட்டைப் பந்தோடு தாண்டினால், அதாவது டச் டவுன் போட்டால், 6. பல லீக்குகளில் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் இன்னொரு புள்ளி உண்டு.

2024-இல் பார்க்லி 345 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 2,005 யார்டு எடுத்தார். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 5.8. நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 255 யார்டு, 70-க்கும் 72-க்கும் இரண்டு நீள டச் டவுன்கள். ஓட்டத்தில் மட்டும் 37 புள்ளிக்கு மேல். அதே ராம்ஸ் பிளேஆஃபில் பனி கொட்டக் கொட்ட வந்தபோது இன்னொரு 205. எல்லாம் சரி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டைப் பாருங்கள். 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக ஓடியபோது இதே மனிதர், இதே கால்கள், சராசரி 3.9 மட்டுமே. 26 வயதில் 3.9, 27 வயதில் 5.8, 28 வயதில் திரும்ப நான்கை ஒட்டி வந்து நிற்கிறது. வயதுதான் காரணம் என்றால் 26 வயதில் ஏன் அப்படி? ஒரு ஆள் ஓராண்டு கிழவனாகி, அடுத்த ஆண்டு இளைஞனாகி, மறுபடி கிழவனாக முடியுமா? மாறியது அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேர்தான்.

2024 ஈகிள்ஸின் ஆஃபென்சிவ் லைன், அதாவது ஓடுபவருக்கு முன்னால் நின்று வழி திறக்கும் அந்த ஐந்து பேர், சாதாரணமானதல்ல. இடது ஓரத்தில் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர், 2018-இல் NFL அணிகள் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஈகிள்ஸ் ஏழாவது சுற்றில் எடுக்கும்வரை அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவருக்குப் பக்கத்தில் லேண்டன் டிக்கர்சன், நடுவில் கேம் ஜர்கன்ஸ், அப்புறம் மெக்கை பெக்டன், வலது ஓரத்தில் லேன் ஜான்சன். இவர்களைப் பயிற்றுவித்தது 2013 முதல் அங்கிருந்த ஜெஃப் ஸ்டவுட்லேண்ட். எதிரணி ஆள் பார்க்லியைத் தொடுவதற்கு முன்பே அவர் மூன்று, நான்கு யார்டு போய்விடுவார். தேர் அசைந்து வரும் அழகில் சொக்கிப்போய் வடம் பிடித்தவர்களை மறந்துவிடுகிறோம், அதுதான் நடந்தது.

2025-இல் அந்த வடம் அறுந்தது. பெக்டன் லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். ஜர்கன்ஸ் முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர். டிக்கர்சனுக்கு ஆகஸ்டில்தான் முழங்கால் அறுவைச் சிகிச்சை. நவம்பரில் லேன் ஜான்சன் பாதக் காயத்தோடு வெளியேறி, பிளேஆஃபுக்குக்கூடத் திரும்பவில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கடைசிச் செய்தி ஒன்றே போதும். ஜான்சன் இல்லாத ஈகிள்ஸ் எப்போதுமே வேறொரு அணி. அவர் வெளியேறிய அன்றே பார்க்லியை வைத்திருந்தவர்கள் வேறு ஆளைத் தேடியிருக்க வேண்டும். வீரரின் காயப் பட்டியலை மட்டும் பார்க்கிறோம், லைனின் காயப் பட்டியலை யாரும் திறப்பதில்லை.

இரண்டாவது காரணம் ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி வீசுபவர் அல்லது ஓடுபவரிடம் கொடுப்பவர்) ஜேலன் ஹர்ட்ஸ். குவார்ட்டர்பேக் தானே பந்தோடு ஓடிவிடுவார் என்ற பயம் இருந்தால் எதிரணியின் ஓரத்து ஆள் ஒரு கணம் தயங்கி நிற்பான். அந்த ஒரு கணம்தான் பார்க்லிக்குக் கிடைக்கும் சந்து. 2024-இல் 630 யார்டு ஓடிய ஹர்ட்ஸ் 2025-இல் அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார். தயக்கம் போனது, சந்தும் அடைபட்டது. அதற்கு மேல் ஈகிள்ஸின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்துவந்த ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் கெலன் மூர் நியூ ஆர்லியன்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், கெவின் பட்டுல்லோ ஆட்டம் வகுத்த சீசன் அது. எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். சீசன் முடிந்ததும் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்தது சரியான முடிவு.

எதிர்வாதத்தில் வலுவானது ஒன்று உண்டு. ஈகிள்ஸில் பார்க்லிக்கு மாற்றாக இறங்கும் டேங்க் பிக்ஸ்பி. அதே லைனுக்குப் பின்னால் ஓடிய அவருடைய சராசரி பார்க்லியைவிட நன்றாக இருந்ததே, அப்படியென்றால் குறை பார்க்லியிடம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அக்டோபரில் ஜயன்ட்ஸுக்கு எதிராக பிக்ஸ்பி 9 ஓட்டத்தில் 104 யார்டு எடுத்தார். ஆனால் அதே ஆட்டத்தில் பார்க்லி 14 ஓட்டத்தில் 150 எடுத்தார், அதில் ஒன்று 65 யார்டு டச் டவுன். ஜயன்ட்ஸின் தடுப்பு அன்று இருவருக்குமே வழிவிட்டது. பார்க்லி உள்ளே இருந்தால் எதிரணி எட்டு பேரை முன்னால் நிறுத்தும். பிக்ஸ்பி வந்தால் நிறுத்தாது. எப்போதாவது பந்து கிடைப்பவரின் சராசரியையும், எல்லோரும் குறிவைக்கும் ஆளின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை.

உடல் களைப்பை நான் மறுக்கவில்லை. பிளேஆஃபையும் சேர்த்தால் பார்க்லி அந்த ஒரு சீசனில் 436 முறை ஓடினார். இதற்கு முன் 2,000 யார்டைத் தாண்டிய எட்டு பேரில் ஒருவர்கூட அடுத்த ஆண்டு 1,500-ஐத் தொட்டதில்லை. பேரி சாண்டர்ஸ் 1,491-இல் நின்றார், எரிக் டிக்கர்சன் 1,234, ஜமால் லூயிஸ் 1,006. டெரல் டேவிஸுக்கு முழங்காலே போனது. இந்தப் பட்டியல் சென்ற ஆகஸ்டிலேயே எல்லோர் கையிலும் இருந்தது. அப்படியிருந்தும் முதல் ஐந்து பேருக்குள் அவரை எடுத்ததுதான் பிழை, அந்தப் பிழைக்கு அவர் பொறுப்பல்ல.

ஆனால் அதே பட்டியலைக் கீழே வரை படியுங்கள். அட்ரியன் பீட்டர்சன் 2015-இல் 30 வயதில் 1,485 யார்டு எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். டெரிக் ஹென்றி 2020-இல் 2,027 எடுத்தார், மறு ஆண்டு எட்டே ஆட்டத்தில் பாதம் உடைந்து உட்கார்ந்தார். அவரையும் முடிந்துவிட்டார் என்றார்கள். 2024-இல் பால்டிமோருக்குப் போய் 30 வயதில் 1,921 யார்டும் 16 டச் டவுனும். நல்ல லைனும், ஓடக்கூடிய குவார்ட்டர்பேக்கும் கிடைத்தார்கள், அவ்வளவுதான்.

கோல் கோட்டருகே நடப்பதையும் கணக்கில் எடுங்கள். ஃபேன்டசியில் பார்க்லியின் பெரிய நஷ்டம் எப்போதுமே டஷ் புஷ் என்ற உத்திதான். அவர் 40 யார்டு ஓடி ஒரு யார்டு மிச்சத்தில் விழுவார், அடுத்த நொடி ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து தள்ளி உள்ளே அனுப்பிவிடுவார்கள், 6 புள்ளி ஹர்ட்ஸுக்கு. 2024-இல் ஹர்ட்ஸ் ஓடிப் போட்ட டச் டவுன் 14, பார்க்லி ஓடிப் போட்டது 13. டஷ் புஷ்ஷைத் தடை செய்யக் கோரி அணி உரிமையாளர்கள் நடத்திய வாக்கெடுப்பு 2025 மே மாதம் 22-10 என்று வந்து, தேவையான 24-க்கு இரண்டு வாக்குக் குறைவாக நின்றது. ஆனால் 2025-இல் களத்திலேயே அது முன்போல எடுபடவில்லை. ஈகிள்ஸ் அதைக் கைவிட்டால் அந்த ஒரு யார்டு பார்க்லிக்கு வரும். வருடத்துக்கு நான்கைந்து டச் டவுன் கூடினாலே கதை வேறு.

ஆக, முதல் சுற்றில் எடுக்க மாட்டேன். இரண்டாம் சுற்றின் பிற்பகுதியில் அவர் இன்னும் மிச்சமிருந்தால் யோசிக்காமல் எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு: ஆகஸ்ட் பயிற்சி முகாமில் லேன் ஜான்சனும் லேண்டன் டிக்கர்சனும் முழுதாக ஆட வேண்டும். இருவரில் ஒருவர் வெளியே உட்கார்ந்திருந்தாலும் மூன்றாம் சுற்றுவரை பொறுப்பேன். பிக்ஸ்பியைக் கடைசிச் சுற்றுகளில் எடுத்து பெஞ்சில் போட்டு வைப்பேன். புதிய ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஹர்ட்ஸை ஓடவிடுகிறாரா என்பது முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். விடவில்லை என்றால் பெயருக்கு இன்னும் மதிப்பு இருக்கும்போதே பார்க்லியை டிரேட் செய்துவிடுவேன்.